பத்தொன்பது நாள்

பஸ்ஸில் அந்தப் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம், நல்ல இடம். அதன் பக்கத்தில் ஒரு பெரிய உடம்புக்காரக் கறுப்பர் தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், பையை மார்போடு சேர்த்துப் பிடித்தீர்கள், நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தங்கச்சி. கோபமில்லை. போனில் தமிழ் பேசினீர்கள், அதனால் சொல்கிறேன். நம்ம ஊர்க் கிழவன் மாதிரி இருக்கிறான், பயமில்லை என்று நினைத்திருப்பீர்கள். நான் உங்கள் ஊர் இல்லை. நான் ஆப்பிரிக்கன்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நீங்களாவது சிரிக்காதீர்கள்.

டர்பனில் பிறந்தேன். தென்னாப்பிரிக்கா. என் பாட்டனைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். முதலி என்பதை வெள்ளைக்காரக் குமாஸ்தா மூட்லி என்று எழுதினான், அன்றிலிருந்து நாங்கள் மூட்லி. ஆறுமுகம் மூட்லி. நான் பேசும் தமிழ் எழுதிவைத்துப் படிப்பதுபோல இருக்கிறதா? இருக்கும். பேசிக் கற்ற தமிழ் இல்லை இது. கோயில் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு, அதற்குப் பிறகு மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த துண்டறிக்கைகள். கடவுள் இல்லை, சாதி இல்லை, பார்ப்பான் பெரியவன் இல்லை என்று எழுதியிருக்கும். பதினான்கு வயதில் ஒரு மளிகைக் கடையில் மிளகாய் கட்டிக்கொடுத்த தாளில் அப்படி ஒன்றைப் படித்தேன். கண்ணும் எரிந்தது, மூளையும் எரிந்தது. கல்லூரிக்குப் போனவன் இல்லை நான். எனக்கு எல்லாமே அறிக்கைதான்.

நீங்கள் நர்ஸா? சார்லட்டில் வேலையா? நல்லது. நானும் சார்லட்டுக்குத்தான். என் மகன் அங்கே இருக்கிறான். அட்லாண்டாவில் மகள் கமலவேணி வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். பல் டாக்டர். "அப்பா, ஒரு மாதம் தம்பி வீட்டில் போய் இருந்துவிட்டு வாங்களேன்" என்றாள். பெட்டியை அவளே கட்டினாள். அவளிடம் வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் அந்த சர்ச்சைச் சேர்ந்தவர்கள், அதுதான். பரவாயில்லை. சார்லட்டிலும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

என்ன சர்ச் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். சார்லட் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. முதலில் இந்த நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் ஜனங்களை நாலு பெட்டியில் போட்டு வைத்தான். வெள்ளையன், கலப்பினத்தான், இந்தியன், ஆப்பிரிக்கன். குடியிருக்க வேறு வேறு இடம், குளிக்க வேறு வேறு கடல். இந்தியனுக்கு ஆப்பிரிக்கனைவிட ஒரு படி மேலே இடம். அந்த ஒரு படிக்காக எங்கள் ஜனம் நாய்மாதிரி வாலாட்டியது. என் அப்பா வீட்டு வேலைக்கு வந்த ஆப்பிரிக்கனுக்குத் தகரக் குவளையில் தேநீர் கொடுப்பார். அதை வெளியே குழாயடியில் கவிழ்த்துவைக்க வேண்டும். நாங்கள் இளைஞர்கள் சொன்னோம்: இந்தியன் என்று எவனும் இல்லை, மிதிபடுகிற எல்லாரும் கறுப்பர். கறுப்பு என்பது தோல் இல்லை, நிமிர்ந்து நிற்பது. இதை எழுதியவன் நான். "கறுப்பன் யார்?" என்று இருபத்துநான்கு பக்கம். அந்த ஒரு சொல்லுக்காக மூன்றரை வருஷம் சிறையில் இருந்தேன்.

அப்படிப்பட்டவன் இங்கே ஒரு கறுப்பர் முடிதிருத்தும் கடைக்குப் போகிறேன். கண்ணாடி முன்னால் ஐந்து பேர் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். நானும் வாயைத் திறந்தேன்: "நாம் கறுப்பர்கள் இந்த நாட்டில் செய்த பெரிய தவறு..." என்று. கத்தி நின்றது. கடைக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "நாமா? அப்பச்சி, உங்கள் மோட்டல் எந்தத் தெருவில்?" என்றார். இந்த நாட்டில் இந்தியன் என்றால் மோட்டல் முதலாளி. கடையே சிரித்தது. என் முடி பாதியில் இருந்தது. பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டேன்.

சரி, தமிழ்ச் சங்கத்துக்குப் போனேன். பொங்கல் விழா. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "டர்பனா! அங்கே நம்ம ஆட்களுக்குப் பாதுகாப்பு இல்லையாமே, அதுங்க கொள்ளையடிக்குதுங்களாமே" என்றார். இன்னொருவர் மெதுவாக, "மூட்லி என்றால் முதலியா? தொண்டைமண்டலமா, செங்குந்தமா?" என்றார். சர்க்கரைப் பொங்கல் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த நாட்டில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவன் பெயர் பெக்கி. அவனோ துரோகி.

பெக்கி ஸூலு இனத்தவன். டர்பனில் எங்கள் வட்டத்தில் இருந்தான். பதினைந்து பேர் கொண்ட சின்ன வட்டம். கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னைப் பூத்தி என்பான். அவர்கள் மொழியில் அண்ணன். பின்னால் நாட்டைவிட்டு ஓடி அட்லாண்டா வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளி, அமெரிக்கக் கறுப்புப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டான். நான் வந்த மறு வருஷம் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் பெயரைப் பார்த்துவிட்டு மகள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நரைத்துப்போய், கையில் ஒரு கேக்கோடு. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "பூத்தி, பூத்தி" என்று அழுகிறான். நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருவான். காரில் என்னை டாக்டரிடம், நூலகத்துக்கு, மீன் கடைக்கு அழைத்துப்போவான். ஐந்து வருஷம். மன்னித்தேன் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. காரில் ஏறினேன், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை போலீஸ் எங்களை நிறுத்தினான். பின்விளக்கு எரியவில்லையாம். பெக்கி இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துவிட்டான், யாரும் சொல்லாமலே. இந்த நாடு அவனுக்கு அதை நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. அவனை இறக்கி, கார் மேல் கை வைத்துக் கால் அகட்டி நிற்கச் சொன்னார்கள். எழுபது வயது ஆள். வெயிலில் நாற்பது நிமிடம். என் பக்கம் வந்த இளவயதுப் போலீஸ்காரன் குனிந்து, "சார், நீங்கள் நலமா? இந்த ஆள் உங்களுக்குத் தெரிந்தவரா?" என்கிறான். நான் சொன்னேன், "நானும் கறுப்பன்தான். என்னையும் சோதனை போடு." அவன், "உள்ளேயே இருங்கள் சார், வெளியே சூடு அதிகம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனான். எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

பெக்கி திரும்பி வந்து உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். "பார்த்தாயா, அவன் என்னை எப்படி அவமானப்படுத்தினான் என்று!" என்றேன். பெக்கி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர வர, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. அவனுக்கு எப்போதும் அரசியல் தீவிரம் போதாது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் போலீஸ்காரன் என்னைச் சந்தேகப்படவே இல்லை, தங்கச்சி.

சிறையிலும் இந்த விளையாட்டுத்தான். இந்தியனுக்கு ரொட்டி உண்டு, சர்க்கரை கொஞ்சம் கூட, முழுக்கால் சட்டை. ஆப்பிரிக்கனுக்கு ரொட்டி கிடையாது. சோளக் கஞ்சி, அரைக்கால் சட்டை. பெக்கி குளிரில் அரைக்கால் சட்டையோடு வரிசையில் நிற்பான், பக்கத்து வரிசையில் நான். அந்த அநியாயத்தை எதிர்த்து எட்டுப் பக்கம் அறிக்கை எழுதினேன். ரொட்டியைத் தின்றேன். தின்னாமல் எப்படி? எழுதத் தெம்பு வேண்டாமா?

அவன் என்ன துரோகம் செய்தான் என்று கேட்க மாட்டீர்களா?

எங்களோடு நொம்வுலா என்று ஒரு பெண் இருந்தாள். ஸூலுப் பெண். இருபத்திரண்டு வயது. டைப் அடிக்கத் தெரிந்தவள், ஆங்கிலத்திலும் ஸூலுவிலும். பெக்கியைப் போலீஸ் பிடித்தது. உள்ளே வைத்து அடித்தார்கள், தூங்கவிடாமல் நிற்கவைத்தார்கள், ஈரச் சாக்கைத் தலையில் கட்டினார்கள், எல்லாருக்கும் செய்வதுதான். அவன் வாயைத் திறந்தான். நொம்வுலா இருக்கும் இடத்தைச் சொன்னான். போலீஸ் அவளைக் கொண்டுபோனது. பதினோராவது நாள் அறையில் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் நம்பவில்லை, யாரும் நம்பவில்லை. என்னையும் அப்புறம் பிடித்தார்கள். நான் ஒரு பெயர் சொல்லவில்லை. ஒன்றுகூட இல்லை. என்னிடம் அவ்வளவாக ஒன்றும் கேட்கவும் இல்லை, அவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

பெக்கியைக் கோர்ட்டில் அரசு சாட்சியாக நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். அதற்கு ஐந்து வருஷம் கொடுத்தார்கள். அதை அவனுக்குச் சாதகமாகச் சொல்கிறவர்கள் உண்டு. செத்தவள் அதற்காகத் திரும்பி வருவாளா?

இப்போது கேளுங்கள். இந்தத் துரோகி அமெரிக்காவில் பிறந்த தன் பெண்ணுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் தெரியுமா? நொம்வுலா. முதல் வியாழக்கிழமையே அவளை அழைத்து வந்தான். பள்ளிக்கூட வாத்தியாரம்மா, முப்பது வயதுக்கு மேல். "அங்கிள், நீங்கள் அவரை அறிந்தவராமே, என் பெயருக்குரியவரை" என்றாள். முகமெல்லாம் வெளிச்சம். அவளிடம் அப்பன் சொல்லியிருக்கிறான்: வீராங்கனை, டைப்பிஸ்ட், காவலில் செத்தாள். யார் காட்டிக்கொடுத்தது என்று சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐந்து வருஷம் கடித்தேன்.

போன மாதம் பெக்கி வந்து, "பூத்தி, சர்ச்சில் என்னை டீக்கன் ஆக்குகிறார்கள்" என்றான். அவர்கள் சர்ச்சில் டீக்கன் என்றால் மூப்பர். ஊரே எழுந்து நிற்கும். நாற்பது வருஷம் அந்த சர்ச்சில் நாற்காலி போட்டு, நாற்காலி மடக்கி வந்தவன். ஆப்பிரிக்கா என்றால் வாழை மரத்தில் தூங்குகிற ஊர்தானே என்று ஆரம்பத்தில் கேலி செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். இப்போது அவர்களே, இவர் நம்ம ஆள் என்று கையைத் தூக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் அவனை அறிந்தவர்கள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கம். "என் வாலிபத்தை அறிந்தவர் இந்த நாட்டில் நீங்கள் ஒருவர்தான். வந்து இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றான்.

யோசியுங்கள். நான் வாயைத் திறந்து கறுப்பன் என்று சொன்னால் சிரிக்கிற ஜனம், வாயைத் திறந்து ஒருத்தியைக் கொன்றவனுக்கு மாலை போடுகிறது. எதற்காக? அவன் தோலுக்காக. வேறு எதற்காக?

"வருகிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. முந்நூறு பேர். பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பு, தலையில் தாம்பாளம் அளவு தொப்பி. பெக்கி முன் வரிசையில் கறுப்பு சூட்டில், பக்கத்தில் பெண்டாட்டி எர்னஸ்டீன், மறுபக்கம் மகள். எர்னஸ்டீன் முப்பது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ரிட்டையர் ஆனவள். சாட்சிகள் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிற வேலை. அதிகம் பேச மாட்டாள். என்னைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினாள்.

மேடை ஏறினேன். மேடையில் நான் எப்படிப் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன்: "எங்கள் இயக்கத்தில் ஒரு விதி இருந்தது. பிடிபட்டவன் மூன்று நாள் வாயைத் திறக்கக்கூடாது. அந்த மூன்று நாளில் மற்றவர்கள் இடம் மாறிவிடுவார்கள். அதற்கு மேல் மனித உடம்பால் முடியாது, எதைச் சொன்னாலும் குற்றமில்லை. இவ்வளவு எளிய விதி. நீங்கள் மூப்பராக்கப்போகிற இந்த மனிதன் வாயைத் திறந்தான். ஒரு பெண் செத்தாள். அவள் பெயர் நொம்வுலா."

முன் வரிசையில் மகள் மெல்ல அப்பன் பக்கம் திரும்பினாள். பெக்கி அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குள் என்ன நிம்மதி தெரியுமா! நாற்பத்தெட்டு வருஷத்துக் கல் இறங்கியது.

பாஸ்டர் எழுந்தார். கிழவர். "சகோதரரே, எங்களுக்குத் தெரியும். இந்த சர்ச்சில் சேர்ந்த முதல் மாதமே பெக்கி இதே இடத்தில் முழங்கால் போட்டுச் சொன்னார், ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன், அவள் செத்துப்போனாள் என்று. இங்கே இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கேட்டோம். இந்தப் பிள்ளை அப்போது பிறக்கவில்லை" என்றார். "அதை இவளிடம் சொல்ல வேண்டியது அவர். நீங்கள் இல்லை" என்றார்.

பாருங்கள், இதுதான் மதம். அழுதால் போதும், கணக்கு நேர். நான் விடவில்லை. "தெரிந்துமா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் எர்னஸ்டீன் எழுந்தாள். கோபமில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"மிஸ்டர் மூட்லி, என் கணவரைப் பிடித்தது எந்தத் தேதி?"

தேதியில் என்னை யாரும் பிடிக்க முடியாது. "எழுபத்தாறு, மார்ச் ஒன்று" என்றேன்.

"உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"அன்று மாலையே. கப்பல்துறை ஆள் ஓடி வந்து சொன்னான்."

"அந்தப் பெண்ணைப் பிடித்தது?"

"மார்ச் இருபது."

"இடையில் அவள் எங்கே இருந்தாள்?"

"என்னோடுதான். எங்கள் பகுதியில் ஒரு தையல்கடை, அதன் பின்னறை. பெக்கிக்குத் தெரிந்த இடம். முன்னால் தையல் மிஷின் ஓடும்போதுதான் நாங்கள் டைப் அடிக்க முடியும், இல்லாவிட்டால் சத்தம் தெருவுக்குக் கேட்கும்" என்றேன். இளைஞர்கள் இருக்கிற கூட்டம், வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளட்டுமே என்று விளக்கமாகவே சொன்னேன்.

"மூன்று நாள் விதி என்றீர்கள்."

"ஆமாம்."

"என் கணவர் எத்தனை நாள் பேசாமல் இருந்தார்?"

நான் கூட்டிப் பார்த்தேன். "பத்தொன்பது" என்றேன். கணக்கு அப்படித்தான் வரும், தங்கச்சி. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

எங்கேயோ பின்னால் ஒரு கிழவி, "ஆண்டவரே" என்றாள். முந்நூறு பேர் அப்படி அமைதியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் நாட்டில்கூட இல்லை.

"அவளை ஏன் அனுப்பவில்லை?" என்று எர்னஸ்டீன் கேட்டாள்.

"அம்மா, இருபத்துநான்கு பக்கம். இரண்டு மொழி. மார்ச் இருபத்தொன்று எங்கள் நாட்டில் பெரிய நாள். ஷார்ப்வில்லில் போலீஸ் அறுபத்தொன்பது பேரைச் சுட்டுத்தள்ளிய நாள். அன்று கூட்டத்தில் அறிக்கை ஜனங்கள் கையில் இருக்க வேண்டும். ஸூலுவில் டைப் அடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. நானோ ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை மாற்றி எழுதுகிறவன். எழுத்து என்றால் சும்மாவா?"

"அவள் போக வேண்டும் என்று கேட்டாளா?"

"ஒரு தடவை. நாலாவது நாள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். எல்லை தாண்டி ஸ்வாஸிலாந்துக்கு ஒரு லாரி போகிறது என்றாள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: 'உன் உயிர் பெரிதா, மக்கள் பெரிதா?' பையிலிருந்து துணியை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினாள். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அப்படிப்பட்ட போராளி அவள்!"

அந்த இடத்தில் எங்கள் ஊராக இருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

எர்னஸ்டீன் அப்படியே உட்கார்ந்தாள். பெக்கி எழுந்தான். என்னிடம் ஸூலுவில் பேசினான். அந்தச் சபையில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த மொழி. "பூத்தி, போதும். இறங்கி வா. நாட்கணக்கை நான் யாருக்கும் சொன்னதில்லை. இவளுக்குக்கூடச் சொன்னதில்லை. நீ ஏன் சொன்னாய்?" என்றான். கண்ணெல்லாம் தண்ணீர்.

கவனித்தீர்களா? கட்டின பெண்டாட்டிக்கே மறைத்திருக்கிறான். அதுதான் அவன் குணம். நான் எதையும் மறைக்கவில்லை.

பாஸ்டர் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் எழுந்தது. தொப்பி போட்டவள், போடாதவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தவள்கூட ஒரு கையை விடுவித்துத் தூக்கினாள். அமெரிக்கக் கறுப்பனுக்கு இரக்கம் உண்டு, அரசியல் கிடையாது. ஆனால் ஒரு கை எழவில்லை. மகள் கை. அவள் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். பெக்கி முந்நூறு கையைப் பார்க்கவில்லை, அந்த ஒன்றைத்தான் பார்த்தான். பிறகு அவள் எழுந்து நடுப்பாதை வழியாக வெளியே போய்விட்டாள். அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, தலையில் கை வைத்து ஜெபம் செய்தார்கள். அவன் தலை வாசல் பக்கமே திரும்பியிருந்தது.

எனக்கு அது போதும் என்று நினைத்தேன். ஒருத்திக்காவது உண்மை உறைத்ததே.

யாரும் என்னிடம் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒருவர் வந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவு மரியாதையாக. வழி விட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் மகள் கமலவேணிக்குப் போன் போட்டுவிட்டு நின்றேன். பெக்கியின் மகள் நொம்வுலா தன் கார்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வந்தாள்.

அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அல்லது நன்றி சொல்வாள் என்று. இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"அங்கிள், என் அப்பாவை நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். "அவரிடம் இனி எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவள் கடைசியாகப் பார்த்த பழக்கமான முகம் உங்களுடையது. பத்தொன்பது நாள் ஒரே அறை. அவள் எப்படி இருப்பாள்? எப்படிச் சிரிப்பாள்? எதையாவது முணுமுணுப்பாளா? தேநீருக்குச் சர்க்கரை போடுவாளா? ஏதாவது ஒன்று சொல்லுங்கள். அவள் பெயரை நான் சுமக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியாது."

நல்ல கேள்வி. நான் யோசித்தேன். சர்க்கரை... யார் கவனித்தது? தேநீர் அவள்தான் போடுவாள், நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

"நிமிடத்துக்கு அறுபத்தைந்து சொல்" என்றேன். "நகலெடுக்கிற ஸ்டென்சில் தாளில் அறுபத்தைந்து என்றால் சாதாரணமில்லை. இருபது பக்கம் அடித்தாள், இரண்டு மொழியிலும். மொத்தம் மூன்றே பிழை."

அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அதைவிட என்ன வேண்டும்?" என்றேன். "ஏழாம் பக்கத்தில் ஒன்று, பதினோராம் பக்கத்தில் ஒன்று. நேற்று நடந்ததுபோல இருக்கிறது. மூன்றாவது, இருபதாம் பக்கத்தில். ஒரு முழு வரியை விட்டுவிட்டாள். என் மிக முக்கியமான வரி. அன்று காலையிலிருந்தே அவள் கை சரியாக இல்லை, தெருவில் கார் போனாலெல்லாம் நின்று நின்று கேட்டாள். சத்தம் போட்டேன். 'இப்படி அரைகுறையாக அடிப்பதற்கு நீ லாரியிலேயே போயிருக்கலாம்' என்றேன். மை தீர்ந்திருந்தது. 'நான் வருவதற்குள் அந்தப் பக்கத்தை மறுபடி அடித்து வை, எழுந்திருக்காதே' என்று சொல்லிவிட்டு மை வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையில் போலீஸ் வண்டி நின்றது."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் காரில் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். கார் சர்ச் பக்கம் திரும்பவில்லை, வெளிச்சாலைப் பக்கம் போனது. நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவள் கேட்காமல் விட்டதை நான் உங்களுக்குச் சொல்கிறேன், தங்கச்சி. அந்த வரி கடைசியில் விட்டுப்போகவில்லை. போலீஸ் கோர்ட்டில் அந்த ஸ்டென்சிலைச் சாட்சியமாகக் காட்டினபோது நான் கூண்டில் நின்று எட்டிப் பார்த்தேன். இருபதாம் பக்கம் முழுசாக, சுத்தமாக இருந்தது, ஒரு பிழை இல்லை. சொன்னால் செய்கிறவள். எழுந்திருக்கவே இல்லை.